அக்குளில் ஒரு குப்பி

வெளியே மைனஸ் இருபத்தாறு.
நாரின் ஆற்றின் மேல் லாரியே போகலாம்.
தாஷ்தெமிர் ஓட்டும் மினிபஸ்ஸில் அன்று காலை
பதினோரு பேர், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு,
கால் கட்டிய செம்மறி ஒன்று.
அவன் இடது அக்குளில்
மூடி திருகிய ஒரு குப்பி.

உடம்புச் சூடு ஆறக்கூடாது,
ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்
என்று அவனிடம் சொன்னவள் நான்தான்.
ஒற்றைக் கையால் வளைவுகளை ஒடித்து வந்தான்.
தோளில் சுளுக்கா என்று யாரோ கேட்டதற்கு
ஆமாம் என்றானாம்.

பரிசோதனைக்கூட ஜன்னலில் குப்பியை வைத்தான்,
மீதிச் சில்லறை தருகிறவன் போல,
விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டு,
என் முகம் பாராமல்.
தினமும் மாலை அவன் வண்டியில்தான்
நான் வீடு திரும்புகிறேன்.

ஏழு வருஷம்.
ஏழு வருஷமும் அய்பெரியைத்தான் பார்த்தார்கள்.
ஸ்கேன், ஊசி, மறுபடி ஸ்கேன்.
மாமியார் வீட்டார் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போனார்கள்.
ஊற்றோரத்து மரத்தில் துணி கிழித்துக் கட்டச் சொன்னார்கள்.
கட்டினாள். ஒரு பாவாடை முழுசும் போயிற்று.
ஊர் அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தது.
அவனுக்கு வைக்கவில்லை.
கல், இரும்பு என்று பெற்றவர்கள் வைத்ததே
போதுமென்று இருந்திருக்கும்.

இரவில் அவன் நான்கு முறை எழுவதை
அவள்தான் எண்ணியிருக்கிறாள்.
அடிவயிற்றில் கனம், மூத்திரத்தில் எரிச்சல்,
கூடும்போது வலி.
குளிர்ந்த இருக்கை செய்கிற வேலை, என்றான்.
ஆட்டுத்தோலை விரித்து அதன்மேல் உட்கார்ந்தான்.
அத்தோடு சரி.

ரோசா சாபிரோவ்னா கையுறை மாட்டியபோது
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்
ஒரே நாளில் இரண்டு கணவாய் கடக்கிறவன்.
அழுதானா, தெரியாது.
பிறகு மேஜையில் ஓர் அக்ரூட்டை உருட்டிவிட்டு
மருத்துவர் சொன்னார்:
இவ்வளவுதான் புரோஸ்டேட். மூத்திரப்பைக்கு அடியில்.
விதை விளைவது வேறிடம்,
அது போகிற வாய்க்காலுக்கு நீர் விடும் மடை இது.
மடையில் புண் இருந்தால்
விதை என்ன செய்யும், பாவம்.

லென்ஸுக்குக் கீழே நான் பார்த்தது:
அரைமணியில் இளகியிருக்க வேண்டியது
ஒரு மணி கழித்தும் பசையாய்க் கிடந்தது.
கட்டத்துக்குக் கட்டம் வெள்ளணுக்கள்,
அழைக்காமல் வந்து எழாத விருந்தாளிகள்.
உயிரணுக்கள் இருந்தன.
இதைச் சொல்லியாக வேண்டும், நிறையவே இருந்தன.
சேற்றில் சக்கரம் சுழலும் வண்டிகளாய்
நின்ற இடத்திலேயே வாலடித்துக்கொண்டு.
எண்ணினேன். நூறில் ஒன்பது நகர்ந்தது.
எழுதினேன்.
எழுதும்போது கோபம் வந்தது, யார் மேலென்று இல்லாமல்,
அந்தப் பாவாடையின் மேல்கூட.

அய்பெரி காகிதத்தை இரண்டு முறை படித்தாளாம்.
மாமியார் முன்னால் மேஜையில் வைத்துவிட்டு
தேநீர் ஊற்றினாளாம்.
மாமியார் அதன்மேல் ரொட்டியை வைத்து மூடினாளாம்.
இதை அவனே சொன்னான்,
கியர் மாற்றிக்கொண்டே, கண்ணாடிக்குள் என்னைப் பார்த்து.

ஆறு வாரம் மாத்திரை. வோட்கா கூடாது.
மூன்று மாதம் கழித்து வா,
புது விதை முற்ற அவ்வளவு நாள் பிடிக்கும்.
வாக்குறுதி ஒன்றும் கிடையாது
என்றார் மருத்துவர்.

ஏப்ரலில் இரண்டாவது குப்பி.
சாலையெல்லாம் பனி உருகிய சகதி.
இருந்தும் அக்குளில்தான்.
இருபத்திரண்டாம் நிமிடம் இளகியது.
நூறில் முப்பத்தெட்டு.
சில நேராகவே போயின,
எங்கே போகிறோமென்று தெரிந்ததைப் போல.
அதற்கு மேல் எழுத
என் படிவத்தில் இடமில்லை.

மாலை, வண்டியில் முன் இருக்கை.
முடிவு நாளைதான் மருத்துவரிடம் போகும்.
அவன் கேட்கவில்லை. ஆட்டுத்தோலைச் சரிசெய்தான்.
ஆறு எங்கோ உடைந்துகொண்டிருந்தது.
அக்கா, ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறதா
என்றான்.
இல்லை என்றேன்.
வந்துகொண்டிருந்தது.