உறை

கனமான உறை என்றால் திரும்பி வந்த கதை.
மெலிந்த கார்டு என்றால் ஏற்றுக்கொண்டார்கள்.
பதினோரு வருடம், அருவங்காடு தபால் ஆபீசில்,
த்ரிலோகிநாத் நிகமின் இலக்கிய வாழ்க்கையை
நான் எடைபோட்டுத்தான் அறிந்தேன்.

வெடிமருந்து ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க்.
உன்னாவ் பக்கத்து ஆள். மே மாதத்திலும் மஃப்ளர்.
கேட்டில் தினமும் சட்டைப்பையைத் தடவி
தீக்குச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.
மடித்து வைத்த காகிதங்களை
ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை.

அலகாபாத்துக்கு, பட்னாவுக்கு, தில்லிக்கு.
உறைக்குள் இன்னொரு உறை;
அதில் தன் விலாசத்தைத் தானே எழுதி
திரும்பி வரும் செலவுக்கும் தபால்தலை ஒட்டி.
தோல்விக்கு முன்பணம் கட்டுகிற மனிதனை
நான் வேறெங்கும் கண்டதில்லை.

எனக்கு இந்தி வாசிக்கத் தெரியும் என்பது
அவருக்குத் தெரியாது. என் வீட்டுக்கும் தெரியாது.
அறுபத்தைந்தில் ஸ்டேஷன் பலகையின்
ஒரு வரியைத் தாரால் மூடியவன் என் அண்ணன் திருஞானம்.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாத கையோடு
சாப்பிட உட்கார்ந்தான். பரிமாறினேன்.
அரிசி டின்னுக்கு அடியில் மத்யமா பரீட்சைப் புத்தகம்.
அவன் சொன்னதில் பிழையில்லை:
வாயைப் பிளந்து ஊட்டினால் சோறும் கசக்கும்.
நான் திருடித் தின்றேன்,
அதனால்தானோ என்னவோ இனித்தது.

ஒரு ஐப்பசி மழையில் உறை கிழிந்து வந்தது.
ஒட்டி வைக்க வேண்டியவள், படித்தேன்.
அதுவரை அவர் எழுதியதெல்லாம்
ஆற்று மணலும் முலாம்பழக் கொடியும் என்று பிற்பாடு சொன்னார்.
இது கேத்தி. பள்ளத்தாக்கு. உருளைக்கிழங்கு.
'ராத்திரி பாலா விழுந்தது,
விடிவதற்குள் செடியெல்லாம் செத்தது.'
பாலா என்றால் அவர் மொழியில் உறைபனி.
மேலே குத்திய சீட்டில் இரண்டே சொல்:
கேத் ஸஹித். வருத்தத்துடன்.

மறுநாள் கவுண்டரில், வியர்த்து, வினை தடுமாறி,
அவர் மொழியிலேயே சொன்னேன்:
பனி ராத்திரியில் கொல்லாது, ஸார்.
விடியும்வரை செடி பச்சையாகத்தான் நிற்கும்,
கண்ணாடி பூசின மாதிரி.
வெயில் தொட்ட பிறகுதான் இலை கருகும்.
கேத்தி போஜனைக் கேளுங்கள்,
சூரியனுக்கு முன்னால் எழுந்து தண்ணீர் அடிப்பான்.

தபாலைப் பிரித்தது யார் என்று அவர் கேட்கவில்லை.
"பாலா ஆண்பால்," என்றார். "நீ பெண்பாலில் சொன்னாய்."
நாற்பது பைசாவுக்குத் தபால்தலை வாங்கிக்கொண்டு
ஷிஃப்டுக்குப் போனார்.

மார்ச்சில் கார்டு. ஜூலையில் பத்திரிகை.
அச்சில் வெயில்தான் கொன்றிருந்தது.
எங்கள் ஊர் மட்டும் 'அருண்காட்' ஆகியிருந்தது.
தலையில் அடித்துக்கொண்டே ஒரு பிரதியை
மணியார்டர் ஃபாரங்களுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்.

ரிட்டயர் ஆகி ஊருக்குப் போன பிறகும்
கனமான உறைகள் வந்துகொண்டிருந்தன.
கோடடித்து, புது விலாசம் எழுதி, அனுப்பி வைத்தேன்.
ஒரு வைகாசியோடு அவையும் நின்றன.

அந்தக் கதையைத் தமிழில் எழுதினேன்,
பழைய ஃபாரங்களின் முதுகில்.
பாலாவை மட்டும் விட மனமில்லாமல் பாலா என்றே வைத்தேன்.
அண்ணன் எடுத்துப் படித்துவிட்டான்.
"யாரு இந்த பாலா? எங்கேருந்து விழுந்தான்?"
சொன்னேன், எல்லாவற்றையும்.
தாளைத் திருப்பினான். திருப்பினான்.
"உறைபனின்னு போடு," என்றான்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

போட்டேன். மெட்ராசுக்கு அனுப்பினேன்:
உறைக்குள் உறை, என் விலாசம், என் தபால்தலை.
இன்று காலை பையைக் கவிழ்த்தபோது
கையில் கனமாக வந்தது.

முத்திரையை மையில் நன்றாகத் தோய்த்து
ஓங்கிக் குத்தினேன்,
ஊரும் தேதியும் தெளிவாகத் தெரியும்படி.