ஒரு சொடுக்கு

ஒசாகா வந்து பதினோரு வருடம்.
கோட்டைக்குப் போனது இரண்டே முறை,
இரண்டும் விருந்தாளிகளுக்காக.
நான் தனியாகப் போவது
தைஷோ பக்கம், பேருந்து கடைசியாக மூச்சுவிடும் இடம்.
துருவேறிய இரும்புக் கிடங்குகள்,
பூட்டிப்போட்ட ஒரு பொதுக் குளியல்கூடம்,
அதன் புகைபோக்கியில் குந்தியிருக்கும் காகம்.

ஒரு ஞாயிறு, திரும்பக்கூடாத முனையில் திரும்பி
ஆற்றுக்கு வந்துவிட்டேன்.
தலைக்கு மேல் வெகு உயரத்தில் பாலம்.
கரைக்கொரு சுருளாகச் சுற்றிச் சுற்றி
லாரிகள் ஏறுகின்றன, இறங்குகின்றன.
கப்பல் நுழைய வேண்டுமென்று அப்படிக் கட்டியவர்கள்
நடந்து வருபவரை மறந்துபோனார்கள்.
மறந்ததற்கு மன்னிப்பாக
கீழே ஒரு படகு.
மாநகராட்சிப் படகு, இலவசம்.
அக்கரை சேர ஒரு நிமிடம்கூட ஆகாது.
இருக்கை கிடையாது.
உட்காரும் அளவுக்கு ஆறு அகலமில்லை.

டிக்கெட் இல்லையே தவிர கணக்கு உண்டு.
படகு ஊழியர் கின்ஜோவின் உள்ளங்கையில்
கோலிக்குண்டு அளவு ஒரு எண்ணும் கருவி.
தலைக்கு ஒரு சொடுக்கு.
தூண்டிலும் வாளியுமாக வந்தவர், டிக்.
சைக்கிள் கூடையில் வெங்காயத்தாளோடு ஒரு பெண், டிக்.
காதில் பாட்டோடு சீருடைப் பையன், டிக்.
நான், டிக்.

அவ்வளவுதான்.
எந்த நாடு என்று கேட்கவில்லை.
குச்சியால் சாப்பிட வருமா என்று கேட்கவில்லை.
நான் சொன்ன ஒற்றை நன்றிக்கு
உங்கள் ஜப்பானியம் பிரமாதம் என்று கைதட்டவில்லை.

இந்த ஊரில் என்னிடம் எண்களுக்குப் பஞ்சமில்லை.
குடியிருப்பு அட்டைக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று,
குடிநுழைவு அலுவலகத்தில் நாலு மணிநேரம்
வியர்வையில் ஊறும் டோக்கனுக்கு ஒன்று.
எல்லாமே என்னைத் தனியே எடுத்துவைக்கும் எண்கள்.
பெயரில் இருந்த ழகரம்கூட
அட்டையில் 'ரு' என்று படுத்துக் கிடக்கிறது.
இந்தச் சொடுக்கில் மட்டும்
வெங்காயத்தாள் பெண்ணும் நானும் ஒன்று, ஒன்று.

அக்கரையில் பார்க்க எதுவுமில்லை.
பானம் விற்கும் எந்திரம், சிமெண்ட் ஆலைச் சுவர்,
சுவரில் யாரோ கயிறு கட்டி ஏற்றிவிட்ட பாகற்கொடி.
திரும்ப ஏறினேன். டிக்.
மறுபடி போனேன். டிக்.
மறுபடி வந்தேன்.

கின்ஜோ என்னைப் பார்த்தார்.
"எதையாவது தொலைத்துவிட்டீர்களா?"
"இல்லை, சும்மா."
கருவியைத் திருப்பிக் காட்டினார்.
"இன்றைக்கு நீங்கள் மட்டும் நாலு பேர்."

சுருக்கென்றது.
அரசாங்கக் கணக்கில் என்னால் ஒரு பொய்.
இடுப்பு வரை வளைந்து மன்னிப்புக் கேட்டேன்.
பதினோரு வருடத்தில் பிசிறில்லாமல் படிந்தது அதுதான்.

அவர் பாலத்தை அண்ணாந்து பார்த்தார்.
ஒரு லாரியின் சத்தம் ஓயும்வரை பொறுத்து,
"ஆள் குறைந்தால் நிறுத்திவிடுவார்கள்" என்றார்.
"மார்ச்சில் கூட்டிப் பார்ப்பார்கள்."
வேறொன்றும் சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்தார்.

அன்று நான் ஒன்பது பேர்.

இப்போது ஞாயிறுதோறும் கூட்டமாகத்தான் வருகிறேன்.
போன மாதம் வந்த நண்பன் துரையரசனையும்
ஆறு பேராக்கி அனுப்பினேன்.
இதில் பார்க்க என்னடா இருக்கிறது என்றான்.
கோட்டையைக் கூகுளில் காட்டினேன்.

பாகற்கொடி கின்ஜோவுடையதாம்.
அப்பா ஒகினாவாவிலிருந்து வந்தவர்.
பிறந்ததே இந்தத் தெருவில் என்றாலும்
நீங்கள் எந்த ஊர் என்று
இவரையும் இன்னும் கேட்கிறார்களாம்.
சொல்லிவிட்டு இரண்டு காய் கொடுத்தார்,
செய்தித்தாளில் சுற்றி.

நேற்று அடைமழை.
துறையில் ஈ காக்கை இல்லை.
ஓட்டுபவர், கின்ஜோ, நான்.
படகு நகர்ந்தது.
படகில் மூன்று பேர்.
சொடுக்கு ஒன்று.