வெசனம்

தாராபுரம் பெரியாஸ்பத்திரியில்
சீட்டெழுதும் வேலை எனக்கு.
பேர், வயசு, ஊர், என்ன தொந்தரவு.
நாலு கட்டம்.
நாலாவதில்தான் பொய் சொல்லுவார்கள்.

வியாழக்கிழமை மட்டும் ஒன்பதாம் அறையில்
எஸ்தர் டாக்டர். ஈரோட்டிலிருந்து முதல் பஸ்.
சொந்த ஊர் நாசரேத், பேச்சில் தெற்கத்தி இழுப்பு.
எண்பத்துமூணில் இந்தப் பக்கம்
பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்க வந்த முதல் பொம்பளை
என்று கம்பவுண்டர் சொன்னார்.
பாராட்டாக அல்ல.

வாசலில் தகரப் பலகை, சிவப்புப் பெயின்ட்:
மனநோய்ப் பிரிவு.
ஏழு வாரம் ஒரு செருப்பும் அங்கே கழறவில்லை.
நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டுப்
பகல் முழுக்க உட்கார்ந்திருப்பார்.
சாயங்காலம் பஸ்.

ஆடி பிறந்தது.
கணவாய்க் காற்று சோளத்தட்டைத் தூக்கி
கொடியில் காய்ந்த சேலையைத் தூக்கி
ஒரு ராத்திரி பலகையையும்
சுவர்ப்பக்கமாய்த் திருப்பிப் போட்டது.
விடிந்தால் வெறும் துருத் தகரம்.
பத்து மணிக்கு அலங்கியத்துக்காரி ஒருத்தி
கண்ணாஸ்பத்திரியா என்று கேட்டு உள்ளே போனாள்,
முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள்.
வாட்ச்மேன் ஏணியோடு வந்தார்.
"இருக்கட்டும் மாரப்பன்,
காத்துக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியல."

ஆள் வந்தது, பேச்சு வரவில்லை.
"மனச்சோர்வு இருக்கா?"
"அதெல்லாம் இல்லீங்க, மண்டையிடிதானுங்."
"பதற்றம்?"
"நெஞ்சுல ஒரு கல்லு மாதரங்க."
டீ கொண்டுபோனபோது சொன்னேன்:
வெசனம்னு கேட்டுப் பாருங்க.
புது மாத்திரையின் பேரைப் போல
எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

"வெசனம் எத்தன நாளாங்க?"

மூலனூர்க்காரர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார்.
மூணு போர் போட்டும் புழுதிதான் வந்திருந்தது அவருக்கு.
நூல்மில் ருக்குமணி
தூக்கத்திலும் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள்,
பேசும்போதும் விரல் நிற்கவில்லை.
குண்டடத்துப் பச்சை உடம்புக்காரிக்கு
பெற்ற குழந்தையைத் தொடப் பயம்.
முதுகில் வேப்பங்கொத்தால் அடித்த தடம்.
மாமியார்காரியோடு டாக்டர் சண்டை போடவில்லை.
"பூசாரிகிட்டப் போறதுன்னா போங்க.
அடிக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.
வியாழக்கிழம இங்கயும் வாங்க."
வந்தார்கள்.
பூசாரியும் ஒருநாள் வந்தார்,
தனக்கு ஆறு மாசமாய்த் தூக்கமில்லை என்று.

எல்லாரும் தேறினார்கள் என்று எழுதமாட்டேன்.
மூலனூர்க்காரர் சீட்டு நாலோடு நின்றது.
அடுத்த வியாழன் டாக்டர் முதல் பஸ்ஸில் வரவில்லை.
மத்தியானம் மூலனூர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்,
செருப்பெல்லாம் செம்மண்.
எதுவும் சொல்லவில்லை.
இருபத்திரண்டு பேரைப் பார்த்தார்.

பொழுதோட, கவுன்டர் மூடும் நேரம்,
ஆளில்லாத வரிசையில்
என் சன்னலுக்கு முன்னால் நின்றார்.
"கருணாம்பா, ஒரு சீட்டு."
யாருக்குங்க?
"எழுதும்மா. பேர், எஸ்தர்."
வயசை நாலு வருசம் குறைத்துச் சொன்னார்,
தெரிந்தே எழுதினேன்.
ஊர் என்றதற்குக் கொஞ்சம் யோசித்தார்.
நாலாவது கட்டத்துக்கு மேலே
பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

எந்த அறைக்கு அனுப்புவது?
ஒன்பதில் இருக்கவேண்டியவர்
வெளியே நிற்கிறாரே.
அந்த நாற்காலியில் அவருக்கு முன்னால்
ஒருவரும் உட்கார்ந்ததே இல்லையே.

கூட்டிப் போனேன்.
நோயாளி ஸ்டூலில் அவர்.
அவர் நாற்காலியில் உட்காரக் கூசி
மருந்துப் பெட்டிமேல் நான்.
எனக்குத் தெரிந்தது ஒரே கேள்வி.
கேட்டேன்.

ஏழே முக்கால், கடைசி பஸ்
ஹாரன் அடித்துப் போனது.
ரெண்டு பேரும் எந்திரிக்கவில்லை.
வெளியே அந்தத் தகரம்
ஆணியில் அடித்துக்கொண்டே இருந்தது.

சீட்டு என்னிடம்தான் இருக்கிறது.
நாலாவது கட்டம் காலி.