அளவுக் குவளை

வால்பரைசோவில் எங்கள் மலையேற்றப் பெட்டி
மேலே போக எண்பது நொடி.
கீழே இறங்க அதே எண்பது.
பத்தொன்பது வருடமாகச் சீட்டுக் கிழிக்கிறேன்.
என் கூண்டில் கழிவறை கிடையாது.
சாவி, கீழே மீன்கடை நிபால்டோவிடம்.
ஒரே நாளில் பதினேழு தடவை போய் நின்றால்
அவன் முகம் எப்படிப் போகும் என்று
நான் சொல்ல வேண்டியதில்லை.

சிறுநீராம்.
பெயரில்தான் சிறுமை.
வருவது நாலு சொட்டு,
கண்ணாடித்தூள் கரைத்த நாலு சொட்டு.

சோதித்தார்கள், கிருமி இல்லை.
மறுபடியும் இல்லை. ஆறாவது தடவையும் இல்லை.
"நல்ல செய்தி, எடெல்மிரா" என்றார் மருத்துவர்,
நான் கேக் வெட்டவேண்டும் என்பதுபோல.
இருந்தும் கிருமிக்கு மாத்திரை எழுதினார்.
பிறகு மனசு என்றார். பிறகு வயசு.

எர்னான் கட்டிலின் ஓரத்துக்குத்
தானாகவே நகர்ந்துகொண்டான்.
அது பிரியமா வருத்தமா என்று
கேட்காமலே இரண்டு குளிர்காலம் படுத்திருந்தோம்.

ராயேன் கேட்ட முதல் கேள்வி:
"தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்களா?"
கடிப்பேன்.
"கீழேயும் கடித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்."

கையுறை விரல் ஒன்று உள்ளே
இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல நகர்ந்து
ஓரிடத்தில் நின்றது.
இங்கேயா?
அங்கேதான்.
பதினோரு வருடத்தில் முதல்முறையாக
என் வலியின் மேல் இன்னொருத்தியின் விரல்.

அடக்கு, அடக்கு என்றே வளர்ந்தோம்.
பள்ளி மணி அடிக்கும்வரை,
பாதிரியார் பிரசங்கம் முடியும்வரை,
வரிசையின் கடைசி ஆள் ஏறும்வரை.
அடக்கத் தெரிந்த தசைக்கு
விடத் தெரியவில்லை. அவ்வளவுதான் என்கிறாள் ராயேன்.
அவ்வளவுதானா என்று எனக்குத் தெரியாது.

காபியை விட்டேன். தக்காளியை விட்டேன்.
ஆரஞ்சை மட்டும் ஞாயிறுகளில் ஏமாற்றித் தின்கிறேன்.
இரவில் ஒரு சின்ன மாத்திரை.
ஒரு நோட்டு, ஒரு பிளாஸ்டிக் குவளை:
எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, எவ்வளவு எரிச்சல்.
இருபது நிமிடம் இருபத்தைந்தானது,
ஐம்பதானது.
அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, காரணமே இல்லாமல்,
மறுபடி நிபால்டோ, மறுபடி சாவி, பதினாலு தடவை.
"அதையும் எழுதுங்கள்" என்றாள்.

இன்று விடியலில் நூற்றெழுபது மில்லி.
எர்னானை உலுக்கி எழுப்பிக்
குவளையை விளக்கடியில் காட்டினேன்.
கண்ணைக் கசக்கிக்கொண்டு
"பீரா?" என்றான்.
சிரித்தேன். சிரிப்பில் கொஞ்சம் வலித்தது.
நேரம் ஐந்து நாற்பது. எழுதிவைத்தேன்.