பின்கதவு

சாட்சி ஒருவருக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள்.
ஆர்டீலியா ப்ரூயிட், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
விளக்குக்கு நின்று பழகியவர்,
கோட்டுப் பையிலிருந்து கதவுக் கீல் ஒன்றை எடுத்து
குழுவின் மேசைமேல் வைக்கிறார்.
மூன்று துளை. ஒன்றில் மட்டும் திருகாணி.
திருகாணியை விடாமல் ஒரு மரச்சில்லு.

நான் சுருக்கெழுத்தர்.
இரும்பு மேசையில் பட்ட சத்தத்தை
எப்படி எழுதுவதென்று தெரியாமல்
'ஓசை' என்று மட்டும் குறித்தேன்.

வாரண்டில் இருந்த எண் 418.
அவர் வீடு 481.
இரவு இரண்டு மணி பத்து நிமிடம்.
நெஞ்செரிச்சலுக்குச் சோடா உப்பு கரைத்துக்கொண்டிருந்தார்
கணவர் லெமுவெல்.
கையில் கரண்டி.
அதற்குப் பிறகு அந்தக் கை எந்தக் கரண்டியையும் பிடிக்கவில்லை.
இப்போது நாற்காலியைப் பின்கதவில் சாய்த்து
உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

வழக்குப் போட்டார்கள்.
நீதிபதி இருபத்தொன்பது பக்கம் எழுதினார்,
மரியாதையாகத்தான்.
பதினோரு ஆண்டுக்கு முன் பக்கத்து மாவட்டத்தில்
இதேபோல் ஒரு வழக்கு உண்டாம்.
அங்கே உடைந்தது முன்கதவு. இங்கே பின்கதவு.
அங்கே பகல். இங்கே இரவு.
ஆகவே இது தவறென்று
அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.
ஆகவே விலக்கு.

"சரி, அடுத்த பின்கதவுக்காவது
எங்கள் வழக்கு உதவுமா?" என்று வக்கீலிடம் கேட்டாராம்.
உதவாது.
நடந்தது தவறா என்பதையே
நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை.
பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்;
கல்யாணம் ஆனால்தான் தெளியும் பைத்தியம்.

அடுத்து ப்ரைஸ் டாலிவர், ரோந்துக் காவலர், வயது இருபத்தாறு.
தண்ணீர்க் குவளையை இரு கையாலும் பிடித்திருந்தார்.
"எனக்குக் கிடைப்பது அரை நொடி.
அந்த அரை நொடிக்கு என் வீட்டை எழுதி வாங்குவீர்களா?"
மூன்றாம் வரிசையில் அவர் மனைவி,
தோளில் உறங்கும் குழந்தை.
ஆர்டீலியா திரும்பி அந்தக் குழந்தையை
வெகுநேரம் பார்த்தார்.
இதை நான் எழுதவில்லை;
பார்வைக்குக் குறியீடு கிடையாது.

வீடு போகாது, பணம் நகரமே கட்டும்,
விதி நான்கு, உட்பிரிவு ஆ, என்று
யாரோ வாசித்தார்கள்.
டாலிவர் தலையசைத்தார். நம்பியதாகத் தெரியவில்லை.

ஓர் உறுப்பினர் ஆர்டீலியாவைக் கேட்டார்:
"மசோதா நிறைவேறினால் உங்களுக்கு என்ன கிடைக்கும், அம்மா?"
"ஒன்றுமில்லை. பழைய வழக்குகளுக்குப் பொருந்தாதாம்."
"பிறகு ஏன் நூற்றிருபது மைல், இந்தப் பனியில்?"

"யாராவது ஒருத்தி
பன்னிரண்டு பேர் முன்னால் அந்த இரண்டு எண்ணையும் வைத்து
எப்படி என்று கேட்கட்டும்.
எதிரில் இருப்பவர் பதில் சொல்லட்டும்.
அவள் தோற்கலாம்.
தோற்பதற்காவது உள்ளே விட வேண்டுமே."

சிவப்பு விளக்கு.
கீலை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
வாக்கெடுப்பு வியாழனுக்குத் தள்ளிப் போனது.

இரவு படியை நகலெடுக்கும்போது பார்த்தேன்:
ஏழாம் பக்கத்தில் 'விலக்கு' என்பதை
'விலங்கு' என்று அடித்திருக்கிறேன்.
ஓர் எழுத்துதான்.
அடித்துத் திருத்தி, ஓரத்தில்
முழுப்பெயர், கையெழுத்து, தேதி, நேரம்.
எங்கள் அலுவலகத்தில் அது விதி.
தெரியாமல் செய்த பிழைக்கும்.