எடைமேடையிலிருந்து ஒரு பரிந்துரை

தோழர் வேதமுத்து,
நீங்கள் கொடுத்தனுப்பிய பதினான்கு பிரதிகளையும்
மணலி எடைமேடைக் கூண்டுக்குள் உட்கார்ந்து
மூன்று ராத்திரி ஷிப்ட்டில் படித்துவிட்டேன்.
ஓரங்களில் டீசல் கறை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கைத்தான் சொல்வேன்.
மிச்சம் பத்தில், ஏழு பேர்
கடைசிப் பக்கத்தில் செத்துப்போகிறார்கள்,
அதுவும் நெடுநேரம் பேசிவிட்டு.

முதலில் பல்கீஸ் எழுதிய ‘அரைக் கிலோ’.
காசிமேடு, விடியக் கொஞ்சம் முன்னால்.
ஏலம் முடிந்த தரையில் ஒருத்தி
சிதறிய ஐஸைக் கூடையில் அள்ளிக்கொண்டே
காணாமல்போன எடைக்கல்லைத் திட்டுகிறாள்.
பன்னிரண்டு நிமிடம், ஒரே ஆள்.
புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
ஆனால்
“எந்தக் கடைல போய் குந்திக்கினு இருக்க,
நைட்டெல்லாம் தேடறேன்” என்று கேட்கும்போது
கல் கல்லாக இல்லை.
நிஜ ஐஸ் வேண்டும்.
தெர்மாகோல் வைத்தால் நான் வரமாட்டேன்.
உருகட்டும். முன்வரிசைச் செருப்புகள் நனையட்டும்.

அடுத்தது கோட்டீஸ்வர ராவ் எழுதிய ‘கேட்’.
தமிழில் இதுதான் முதல் முயற்சியாம்.
ர, ற இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன;
எழுத்தைத் திருத்துங்கள், பேச்சைத் தொடாதீர்கள்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
இந்தப் பக்கம், கேக் பெட்டியோடு ஒருவன்.
அந்தப் பக்கம், அவனை ஆறு மாதமாகத் தேடும் வட்டிக்காரன்.
நடுவில் கூட்ஸ் வண்டி.
வேகனுக்கும் வேகனுக்கும் இடைவெளியில் மட்டும்
முகம் தெரியும், வசனம் வரும்.
கேக்கில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று
வட்டிக்காரன் கேட்பதற்குள்
இன்னொரு வேகன்.
ரயிலுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள்.
இரண்டு பையன்கள் நீளமான தார்ப்பாயை
இழுத்துக்கொண்டு நடந்தால் போதும்.
அந்த கேட்டில் நின்றே பாதி ஆயுசு போன சனம்,
சத்தத்தை அதுவே போட்டுக்கொள்ளும்.

மூன்றாவதில் எனக்குச் சண்டை உண்டு.
எண்ணூர் நாடகம். கடைசியில் ஆறு வந்து பேசுகிறது.
ஆறு பேசவேண்டாம் தோழர்,
ஆறு பேசினால் கைதட்டிவிட்டு எழுந்துபோவார்கள்.
அதற்கு முந்தின காட்சியில்
மண்ணெண்ணெய் விட்டுக் கைகழுவிக்கொண்டே ஒரு பெண்
ஆபீசர் கேட்கிற கேள்விக்கெல்லாம்
“ஆமா சார், ஆமா சார்” என்கிறாள்.
கை சுத்தமாகவில்லை.
அங்கேயே விளக்கை அணைத்துவிடுங்கள்.

நான்காவதில் பெயர் இல்லை, தலைப்பும் இல்லை.
கோடு போட்ட தாளில் ஒன்றரைப் பக்கம்.
ஒருத்தி போனில் பேசுகிறாள். எதிர்முனை பேசுவதில்லை.

எடைபோடுவது என் வேலை.
இதைக் கண்ணால் எடைபோட முடியவில்லை.
அதனால் இரண்டே முக்காலுக்கு
வாய்விட்டுப் படித்தேன்:
“கரண்ட் இல்ல. மாடிக்கு வந்துட்டேன்.
உன் நீலச் சட்டைய தம்பிக்குக் குடுத்துட்டேன்,
கைதான் கொஞ்சம் நீளம்.
இருக்கியா?
லைன்ல இருக்கியா?”

“இருக்கேம்மா.”

சீட்டு நீட்டுகிற ஜன்னலுக்கு வெளியே
கும்மிடிப்பூண்டி டிரெய்லர் டிரைவர்.
சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.
துண்டால் முகத்தைத் துடைத்தார்.
நாற்பத்தோரு டன், முந்நூற்று இருபது கிலோ.
சீட்டை நீட்டினேன், வாங்கவில்லை.
“மீதி இருக்கா?”
“அவ்ளோதாண்ணே, ஒன்றரைப் பக்கம்.”
பின்னால் எட்டு லாரிகள் ஹாரன் அடித்தன.
அவர் வண்டி மேடையை விட்டு இறங்க
வழக்கத்தைவிட நேரமானது.

அதை முதலில் போடுங்கள்.
கடைசியில் போட்டால்
கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள்.
எதிர்முனைக்கு ஆள் வேண்டாம்,
காலி நாற்காலிகூட வேண்டாம்.
எழுதியது யாரென்று தெரிந்தால்
எனக்கு மட்டும் சொல்லுங்கள், அல்லது
சொல்லாதீர்கள்.

ஒன்று மறந்துவிட்டேன்.
ராயபுரம் மண்டபத்தின் மூன்றாவது மின்விசிறி
மெதுவான வசனத்தையெல்லாம் தின்றுவிடும்.
அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு மட்டும்
நிறுத்திவையுங்கள்.
வேர்க்கட்டும்.

குணவதி