ஆறு கிழமை

இருபத்தோராம் நாள்தான் முளைத்தது.
அதுவரை போத்தல் சும்மா கிடந்தது,
முப்பத்தேழு பாகைச் சூட்டில்
அடைக்கோழி மறந்த முட்டை மாதிரி.
வீசச் சொன்னார்கள். நான் வீசவில்லை.

தட்டில் பனிப்பொட்டுகள், ஊசிமுனையளவு.
இரண்டு கையுறை மாட்டி, மூச்சையும் அளந்து விட்டு
மருந்து ஊறிய கடதாசி வட்டங்களை வைத்தேன்.
மறுநாள் இல்லை, அதற்கடுத்த நாள்
ஒவ்வொரு வட்டத்தைச் சுற்றியும் வெறும் நிலம்,
கிருமி கால் வைக்காத வெட்டவெளி.
அடிமட்டம் பிடித்தேன்.
டொக்சிசைக்கிளின் முப்பத்தெட்டு மில்லிமீற்றர்.
ரிஃபாம்பிசின் முப்பது.
கேட்கும், எல்லாம் கேட்கும் என்று எழுதினேன்.

பெயர் கணபதிப்போடி விமலகாந்தன். வயது நாற்பத்தாறு.
கிரானுக்கு மேற்கே, ஆறு பெருகினால் வள்ளத்தில்தான்.
மூன்று மாதமாய் வந்து வந்து போன காய்ச்சல்.
டெங்கு இல்லை. மலேரியா இல்லை. எலிக்காய்ச்சலும் இல்லை.
பொழுதுபட ஏறும், வெள்ளாப்பில்
பாயைப் பிழிந்தால் சொட்டும் வியர்வையாய் இறங்கும்.
இடுப்பு தன்னுடையதில்லை என்றாராம்.
கடைசியில் வாட்டு டொக்டர் கேட்டார்:
மாடு ஏதும் கன்று அழிச்சதா?

மூன்று மாடு. ஏழாம் மாதத்தில்.
வெறுங்கையால் கன்றை இழுத்தெடுத்தவர் அவர்.
இளங்கொடியை உரப்பையில் கட்டி
நாய் எட்டாத உயரத்தில்
ஆலங்கிளையில் தொங்கவிட்டவரும் அவர்,
பால் சுரக்கட்டும் என்று.
முழங்கைவரை முள்ளுக்கம்பி கீறிய காயம்.

ஆறு கிழமைக்குக் குளிசை கொடுத்தார்கள்.
சிறுநீர் செம்மஞ்சளாய்ப் போகும், பயப்படாதீங்க என்று
மருந்து கொடுத்த பிள்ளை இரண்டு தரம் சொன்னாள்.

மாசியில் போனவர் ஆனியில் திரும்பினார்.
அதே காய்ச்சல். அதே இடுப்பு.
புதுப் போத்தல், இம்முறை பதினாறே நாள்.
ரிஃபாம்பிசின் வட்டத்தைக் கிருமி நெருங்கியிருந்தது,
வேலி பிரித்து வயலில் இறங்கிய மாடு மாதிரி.
பதினான்கு மில்லிமீற்றர்.
அடிமட்டத்தைத் துடைத்து மறுபடி வைத்தேன்.
பதினான்கு.

ஆய்வுகூட யன்னலுக்கு நோயாளர் வரக்கூடாது.
வந்து நின்றார்.
ஒழுங்காக் குடிச்சீங்களா?
குடிச்சநான்.
எல்லாத்தையும்?
தரையைப் பார்த்தார்.
சிவப்பியும் செம்மஞ்சளாத்தான் பெஞ்சாள், புள்ள.

எனக்கு விளங்க நேரம் எடுத்தது.

மிருக வைத்தியர் வந்த நாள்
அவள் இரத்தத்தில் தெளிந்த நீர் ஒரு சொட்டு,
இளஞ்சிவப்புச் சாயம் ஒரு சொட்டு,
வெள்ளை ஓட்டில் கலந்து ஆட்ட
திரிந்த பால் போலத் திரண்டதாம்.
மாட்டுக்கு இதுக்கு மருந்தில்லை, பட்டியை விட்டு விலக்குங்க.
ஒரே நோய். எனக்குக் குளிசை, அவளுக்கு லொறியா?
அதுதான் அவர் கணக்கு.
தவிட்டில் குழைத்துத் தினமும் பாதி.
பெரிய உடம்பெண்டு சில நாள் முழுசாவும்.

ஏச வாயெடுத்தேன்.
அந்த உடம்புக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம்,
அரைகுறையாய் அடிபட்ட கிருமி அடியைப் பழகிக்கொள்ளும்,
சொல்ல இருந்தது நிறைய. கேட்டது வேறு.
பால்?
தயிருக்குத்தான். காய்ச்சித்தானே உறை ஊத்துவாங்க.
காய்ச்சியதை யார் பார்த்தது.
என் வீட்டில் அரைச்சட்டி மிச்சம் இருந்தது, கிரான் தயிர்,
நேற்று மகள் பாணி ஊற்றித் தின்றது போக.

சிவப்பி எங்கே என்று நான் கேட்கவில்லை.
அவரே சொன்னார். போன வெள்ளி.
லொறிக்காரன் கண்ணால் நிறுத்துக் காசு தந்தானாம்.
வயிற்றில் கிடந்ததை அவன் சேர்க்கவில்லை.

கேட்காது என்று எழுதினேன், ரிஃபாம்பிசினுக்கு நேரே.
குறிப்பு எழுத ஒரு விரல் நீளக் கோடு. வெறுமனே விட்டேன்.
வேறு குளிசை, கூட ஊசியும் வரும்,
இன்னும் ஆறு கிழமை என்றேன்.

இனி எல்லாம் எனக்குத்தானே என்றார்,
பதிலுக்கு நிற்கவில்லை.